பொல்கிச்சாவும் கடற்புழுவும்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சை (ஏ/எல்) மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். விலங்குப் பாடம் தொடங்கும்போது வருடாவருடம் ஒரே ஒப்படைதான் கொடுப்பேன். விடியற்காலையில் அன்டனாவில் இருந்து பாடும் பொல்கிச்சா என்ற குருவியையும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லுக்கடியில் கிடக்கும் கடற்புழுவையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். அன்றிரவே வாட்ஸ்அப் அலறத் தொடங்கிவிடும். பிள்ளைகள் கேட்பார்கள், அம்மாமார் கேட்பார்கள். ஒருமுறை ஒரு பிள்ளையின் தாத்தா அரைமணி நேரம் தொலைபேசியில் கேள்வி கேட்டார், அவருடைய கேள்விகள்தான் எல்லாவற்றிலும் நல்லவை. ஒரே பதிலை எத்தனை தடவை தட்டெழுதுவது? அதனால் இங்கே சேர்த்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

மிஸ், குருவியையும் புழுவையும் எப்படி ஒப்பிடுறது? ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையே?

காகத்தையும் மைனாவையும் கொடுத்தால் நிறம், அலகு, சத்தம் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவீர்கள். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு வரி எழுதும்போதும் "எதை வைத்து ஒப்பிடுகிறேன்?" என்று யோசிக்க வேண்டி வரும்.

வழி இதுதான்: உறுப்பை வைத்துத் தொடங்காதீர்கள், வேலையை வைத்துத் தொடங்குங்கள். இரண்டும் சாப்பிட வேண்டும், ஒட்சிசன் எடுக்க வேண்டும், கழிவை வெளியேற்ற வேண்டும், பிறரிடம் அகப்படாமல் தப்ப வேண்டும், குஞ்சோ குடம்பியோ விட்டுப் போக வேண்டும். இந்த வேலைகளை ஒவ்வொன்றும் எப்படிச் செய்கிறது என்று கேட்டால் பக்கம் தானாக நிரம்பும்.

எந்தக் குருவி, எந்தப் புழு? பெயர் சொல்லுங்க மிஸ்.

குருவி, சிங்களத்தில் பொல்கிச்சா என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரிந்தது. தமிழ்ப் பறவைப் புத்தகங்களில் குண்டுக்கரிச்சான். விஞ்ஞானப் பெயர் கொப்சைக்கஸ் சோலாரிஸ். ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர் நீளம். ஆண் பளபளக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, செட்டையில் ஒரு வெள்ளைப் பட்டை, வால் எப்போதும் மேலே தூக்கியபடி. பங்களாதேசத்தின் தேசியப் பறவையும் இதுதான். பழைய புத்தகங்களில் இதைப் பூங்குருவிக் குடும்பத்தில் போட்டிருப்பார்கள், இப்போது ஈபிடிப்பான் குடும்பத்தில் வைக்கிறார்கள். இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறதே என்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.

புழு விஷயம் அவ்வளவு லேசு இல்லை. நாம் கல்லுக்கடியில் பிடிப்பது நெரெயிடே குடும்பத்துக் கடற்புழு, பாடப்புத்தகத்து நெரிஸின் சொந்தக்காரன். அதற்கு மேல் இனத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அது வாய்க்குள்ளிருந்து வெளியே தள்ளும் தொண்டைப் பகுதியை நுணுக்குக்காட்டியில் வைத்து, அதில் இருக்கும் சின்னச் சின்னப் பற்கள் எங்கெங்கே எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். குருவியை மூன்றாம் மாடிப் பல்கனியிலிருந்தே இனம் சொல்லலாம், புழுவைக் கையில் வைத்திருந்தும் சொல்ல முடியாது. இதுவே உங்கள் ஒப்படைக்கு ஒரு நல்ல முதல் பந்தி.

புழுவும் விலங்கா? மிருகம், பறவை, பூச்சி, புழு எண்டு தனித்தனியாத்தானே சொல்றோம்?

விலங்குதான். வீட்டுப் பேச்சில் விலங்கு என்றால் நாலு கால் மிருகம், பாடத்தில் அப்படி இல்லை. பல கலங்களால் ஆனது, தன் உணவைத் தானே தயாரிக்காமல் பிறவற்றைச் சாப்பிடுவது, கலங்களைச் சுற்றிக் கலச்சுவர் இல்லாதது: இந்த மூன்றும் பொல்கிச்சாவுக்கும் பொருந்தும், புழுவுக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

சரி, புழு எண்டா எல்லாம் ஒரே கூட்டம் இல்லையா? மண்புழு, குடற்புழு, கடற்புழு?

இல்லவே இல்லை. புழு என்பது ஒரு உடல் வடிவத்தின் பெயர். நீளமாக, மெத்தென்று, கால் இல்லாமல் அல்லது கால் மாதிரி ஏதோ ஒன்றுடன் ஊர்ந்தால் புழு என்கிறோம். 1758 இல் லின்னேயஸே அப்படித்தான் செய்தார். பூச்சி வகையில் சேராத முள்ளந்தண்டிலிகளைப் பெரும்பாலும் 'வேர்மெஸ்', அதாவது புழுக்கள், என்ற ஒரே பெட்டியில் போட்டார். கணவாயும் நட்சத்திர மீனும்கூட அந்தப் பெட்டிக்குள் கிடந்தன.

நம்முடைய கடற்புழு அனெலிடா கணம். மண்புழுவும் அட்டையும் அதே கணம்தான். வயிற்றில் வரும் வட்டப்புழுவும் நாடாப்புழுவும் வேறு வேறு கணங்கள். பூவில் இருக்கும் 'புழு' வண்ணத்துப்பூச்சியின் குடம்பி.

கல்லைப் பிரட்டினதும் ரெண்டு பக்கமும் கால் கால். பூரான்தானே அது?

இதைக் கேட்காத வருடமே இல்லை. சந்தேகம் நியாயமானது, ஓடும் விதமும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பூரானின் கால்களில் மூட்டு இருக்கும், மேலே கடினமான ஓடு இருக்கும், அது நண்டு இறால் இருக்கும் ஆத்திரப்போடா கணம். கடற்புழுவின் பக்கத்தில் இருப்பவை மூட்டில்லாத சதைத் துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பிலிருந்தும் மெல்லிய கைற்றின் சிலிர்கள், அதாவது முள்மயிர்கள், கத்தையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பொலிகீற்றா, பல சிலிர் உடையவை, என்று பெயர்.

ஐஸ்கிரீம் பெட்டியில் கொஞ்சம் கடல் தண்ணீர் விட்டு, புழுவை அதில் போட்டு, வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். முதலில் பழுப்பாகத் தெரிந்த உடம்பில் பச்சையும் நீலமும் மினுங்கும். தலையில் நான்கு சின்னக் கறுப்புக் கண்கள், முன்னால் இரண்டு கொம்பு, பக்கத்தில் மீசை மாதிரி நீட்டுக்கள். முதுகுத் தோலுக்குக் கீழே நடுவில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். கண்ணை எடுக்காமல் பார்த்தால் அந்தக் கோடு பின்னாலிருந்து முன்னால் அலை அலையாகச் சுருங்குவது தெரியும். போன வருடம் ஒரு பிள்ளை இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. ரயில் வந்தபோது கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சிவப்புக் கோடு ரத்தமா? புழுவுக்கும் எங்களை மாதிரி சிவப்பு ரத்தமா?

இரத்தம்தான், சிவப்புக்குக் காரணமும் அதே ஈமோகுளோபின்தான். ஆனால் வைத்திருக்கும் விதம் வேறு. பொல்கிச்சாவின் ஈமோகுளோபின் செங்குழியங்களுக்குள் பொதிந்திருக்கிறது. (பறவையின் செங்குழியத்தில் கரு உண்டு, நம்முடையதில் கிடையாது. பரீட்சையில் இதை அடிக்கடி மாற்றி எழுதுகிறார்கள்.) கடற்புழுவில் குழியம் இல்லாமல் ஈமோகுளோபின் நேரே திரவத்திலேயே கரைந்து கிடக்கிறது. சின்ன மூலக்கூறாக இருந்தால் கசிந்து போய்விடுமே, அதனால் அது பிரமாண்டமானது. மனித ஈமோகுளோபினைவிட ஐம்பது மடங்குக்கு மேல் பெரியது.

இது வெறும் புத்தக விஷயம் இல்லை. பிரான்சின் கடற்கரை மணலில் வாழும் ஒரு பொலிகீற்றுப் புழுவின் ஈமோகுளோபினை எடுத்து, மாற்றிப் பொருத்துவதற்காக எடுத்த சிறுநீரகங்களைக் கெடாமல் வைத்திருக்கப் பயன்படுத்துகிறார்கள். குழியம் இல்லாததால் இரத்தவகைப் பொருத்தம் பார்க்கும் தொல்லை அதில் இல்லை. எல்லாக் கடற்புழுவும் சிவப்பு என்று எழுதிவிடாதீர்கள். முருகைக்கல்லில் வண்ணவண்ணச் சின்ன மரம் மாதிரி விரியும் குழாய்ப்புழுக்களின் இரத்தத்தில் பச்சை நிறப்பொருள் ஓடுகிறது.

பொதுவா என்ன இருக்கு எண்டு ஒரு பட்டியல் தர முடியுமா மிஸ்?

பட்டியல் தந்தால் அதையே நாற்பது பேரும் எழுதுவீர்கள். ஒரு தொடக்கம் மட்டும் தருகிறேன். இரண்டுக்கும் இடம் வலம் சமச்சீர், முன்னால் தலை, வாயிலிருந்து குதம் வரை ஒரே குழாய், அதைச் சுற்றி உடற்குழி, மூடிய குருதிச் சுற்றோட்டம். மூடிய சுற்றோட்டம் என்பதைக் கவனியுங்கள். நத்தைக்கும் கரப்பானுக்கும் இல்லாத வசதி இந்தப் புழுவுக்கு இருக்கிறது. முள்ளந்தண்டிலி என்றதும் 'திறந்த சுற்றோட்டம்' என்று கை தானாக எழுதிவிடுகிறது, அதை நிறுத்துங்கள்.

துண்டுபடலும் ஒருவகையில் பொது. புழுவில் துண்டங்கள் வெளியிலேயே தெரியும், குருவியில் முள்ளந்தண்டு என்புகளிலும் விலா என்புகளிலும் ஒளிந்திருக்கும். இரண்டும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியே தோன்றியதா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே வாதம் உண்டு. ஒரு வரியில் 'பொது' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

வித்தியாசத்தில் முக்கியமானது எது? ஒண்டு மட்டும் எழுதச் சொன்னா?

நான் வெப்பநிலையை எழுதுவேன். பொல்கிச்சா தன் உடம்பை 41 பாகை செல்சியஸை ஒட்டி வைத்திருக்கிறது, மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும். புழு கடல் எவ்வளவோ அவ்வளவு, நம் பக்கத்தில் 28 பாகை அளவில். நாற்பது கிராம்கூட வராத ஒரு உடம்பைச் சூடாக வைத்திருக்கக் குருவி நாள் முழுக்கப் பூச்சி பிடிக்க வேண்டும். நிமிடத்துக்குப் பல நூறு தடவை இதயம் அடிக்க வேண்டும், நுரையீரலோடு காற்றுப்பைகளும் வைத்துக்கொண்டு காற்றை ஒரே திசையில் ஓடவிட வேண்டும். இறகும் முதலில் வெப்பம் காக்கத்தான் உதவியது என்று பலர் கருதுகிறார்கள். பட்டினி கிடந்தால் குருவி வெகுவிரைவில் செத்துவிடும். புழு, தோலாலும் பக்கத்துத் துடுப்புகளாலும் மூச்சு விட்டுக்கொண்டு, கல்லுக்கடியில் நிதானமாகக் கிடக்கும்.

புழுவில இருந்துதானே மீன் வந்து, மீன்ல இருந்து குருவி வந்தது? அப்ப புழு குருவிக்குப் பாட்டனா?

தாத்தா கேட்ட கேள்வி இது. பதில்: பாட்டன் இல்லை, பல தலைமுறை தள்ளிய ஒன்றுவிட்ட சகோதரம்.

ஐம்பத்து நான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் இருந்த ஏதோ ஒரு சிறு விலங்கின் சந்ததி இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒரு வழியில் அனெலிடாவும் மட்டி, சிப்பி, நத்தை, கணவாயும் வந்தன, இன்னும் தள்ளிப் பூச்சிகளும் நண்டுகளும். மற்ற வழியில் நட்சத்திர மீனும் கடலட்டையும் முள்ளந்தண்டுளிகளும். முளையத்தில் முதலில் தோன்றும் துளை வாயாகிறதா, குதமாகிறதா என்று பார்த்துப் பழைய ஆசிரியர்கள் இந்தப் பிரிவைக் கண்டார்கள். பிற்பாடு மரபணுக்களை வாசித்தபோதும் பெரும்பாலும் அதே பிரிவுதான் தெரிந்தது. அந்த மூதாதை இன்றைய கடற்புழு இல்லை. இன்றைய கடற்புழு, இன்றைய குருவியைப் போலவே, அங்கிருந்து இன்றுவரை வந்து சேர்ந்த ஒரு விலங்கு. கூர்ப்பில் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் பரிணாமம் என்பார்கள்) இரண்டும் நடந்து வந்த காலம் சரிசமம்.

கடலட்டை குருவிக்குக் கிட்டவா? பகிடி விடுறீங்களா மிஸ்?

பகிடி இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் குளித்து எடுத்து, அவித்து, காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அதே கடலட்டைதான். பார்வைக்குப் புழு மாதிரி, பெயரிலும் அட்டை. ஆனால் அது நட்சத்திர மீனின் கணம், முட்தோலிகள். மேலே சொன்ன பிரிவில் அது குருவியின் பக்கம் நிற்கிறது. மலைநாட்டில் காலில் ஏறும் அட்டை கடற்புழுவின் பக்கம். அதாவது கடலட்டைக்கு அட்டையைவிடப் பொல்கிச்சா நெருங்கிய சொந்தம். கணவாய்க்குக் கடற்புழு சொந்தம், இரண்டின் கூட்டத்திலும் துரொக்கோபோர் என்ற பம்பர வடிவக் குடம்பி இருப்பது அதற்கு ஒரு சாட்சி (கணவாயே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, சிப்பியில் பார்க்கலாம்).

ஒரு அம்மா இதைப் படித்துவிட்டு "அப்ப எங்கட வீட்டுக் கணவாய்க் கறியும் புழுக்கறிதானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

புழுவுக்குப் பாட்டு இல்லை. காதாவது கேக்குமா?

நம்முடையது போன்ற காது இல்லை, அதிர்வை உடம்பால் உணரும். கல்லை மெதுவாகத் தட்டினாலே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பொல்கிச்சாவின் பாட்டுக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. இடப்பக்கம் வலப்பக்கம் இரண்டையும் தனித்தனியே இயக்க முடியும். அதைவிடப் பெரிய விஷயம், பாடும் பறவைகள் பாட்டை மூத்தவற்றிடம் கேட்டுப் பழகுகின்றன. முதலில் மழலை, பிறகு ஒத்திகை, பிறகு சரியான பாட்டு. பங்குனி, சித்திரை விடியலில் எங்கள் ஒழுங்கையில் ஒன்று பாடும். மின்கம்பியில் இருந்து ஒரு வரி, நிறுத்தம், எதிர்வீட்டுக் கூரையிலிருந்து இன்னொன்றின் பதில். பாட்டு என்று நாம் ரசிப்பது அவற்றுக்கு எல்லைத் தகராறு.

சத்தமே போடாத கூட்டம் என்று புழுவைத் தள்ளிவிடவும் முடியாது. ஜப்பானை ஒட்டிய கடலின் ஆழத்தில் கடற்பஞ்சுக்குள் வாழும் ஒரு பொலிகீற்றுப் புழு, சண்டையில் வாயைச் சட்டென்று விரித்து 'டப்' என்று வெடிச்சத்தம் போடுகிறது என்று 2019 இல் அறிவித்தார்கள். மெத்தென்ற உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் யாரும் எதிர்பார்க்காதது. ஆனால் கற்றுக்கொண்டு பாடுவது இல்லை அது.

முட்டை, குஞ்சு விஷயத்தில எதை எழுதணும்? புழு நல்ல தாய் இல்லை எண்டு எழுதலாமா?

'நல்ல' என்ற சொல்லை வெட்டிவிட்டு எழுதுங்கள். பொல்கிச்சா மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ கூடு வைத்து நான்கைந்து முட்டை இடும். பெண்தான் அடைகாக்கும், குஞ்சு பொரித்தபின் இரண்டும் இரை கொண்டுவரும். எங்கள் மாடிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஏசி குழாய்க்காகத் துளைத்துவிட்டு அடைக்காமல் போன ஓட்டைக்குள் ஒரு சோடி இரண்டு வருடமாகக் குடியிருக்கிறது.

கடற்புழுவின் கதை வேறு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் பலவற்றில் இனப்பெருக்க நேரம் வந்ததும் உடம்பே மாறிவிடும். கண்கள் பெருக்கும், பக்கத் துடுப்புகள் நீந்தும் துடுப்புகளாக அகலும், குடல் சுருங்கிப் பயனற்றுப் போகும். இனிச் சாப்பாடு இல்லை என்பது தீர்மானம். ஆணும் பெண்ணும் கல்லை விட்டு இரவில் மேல்தண்ணீருக்கு ஏறி, வட்டம் சுற்றி நீந்தி, முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுச் சாகும். கருக்கட்டல் உடலுக்கு வெளியே. முட்டை ஆயிரக்கணக்கில்.

அதைவிட விசித்திரம் நேரம் குறிப்பது. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் பிளாற்றிநெரிஸ் என்ற புழு, முழுநிலவின் வெளிச்சத்தை வைத்து உள்ளே ஒரு மாதக் கடிகாரம் ஓட்டுகிறது. சமோவாத் தீவுகளில் பலோலோ புழு வருடத்தில் ஐப்பசி, கார்த்திகைத் தேய்பிறை இரவுகளில் திரளும், அங்குள்ளவர்கள் வலையோடு காத்திருந்து அள்ளிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். போயாவை, அதாவது முழுநிலா நாளை, கணக்கு வைத்து வாழ்வது நாம் மட்டும் இல்லை.

மிஸ், எங்கட நரம்பு முதுகுப்பக்கம், புழுவுக்கு வயித்துப்பக்கம். ஏன் தலைகீழா இருக்கு?

வகுப்பில் ஒன்றிரண்டு பேர்தான் இதைக் கவனிப்பார்கள். குருவிக்கு நரம்பு முதுகில், இதயம் முன்பக்கம். புழுவுக்குப் பிரதான நரம்பு வயிற்றில், சுருங்கும் குருதிக்கலன் முதுகில். 1822 இல் பிரான்சின் விலங்கியலாளர் ஜெஃப்ருவா சாந்திலேர் ஒரு சிங்கி இறாலை மல்லாத்தி வைத்துப் பார்த்துவிட்டு, "இது முள்ளந்தண்டுளியின் அமைப்பேதான், தலைகீழாக" என்ற கருத்தை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

1990களில் ஈயிலும் தவளையிலும், முதுகு எது வயிறு எது என்று முளையத்துக்குச் சொல்லும் மரபணுக்களைப் பார்த்தபோது, ஒரே குடும்பத்து மரபணுக்கள் எதிர்ப்பக்கங்களில் வேலை செய்வது தெரியவந்தது. மேலே சொன்ன பிளாற்றிநெரிஸ் புழுவின் நரம்பு முளைக்கும் ஒழுங்கும் முள்ளந்தண்டுளிகளோடு ஒத்துப்போகிறது. அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

புழுவின்ர துடுப்பும் குருவியின்ர செட்டையும் அமைப்பொத்ததா, தொழிலொத்ததா?

தொழிலொத்தது, அதாவது வேலை ஒன்று, தோற்றம் வேறு. இரண்டும் உடம்பை நகர்த்துகின்றன, அவ்வளவுதான். செட்டைக்குள் கை என்பு இருக்கிறது, அதற்கு அமைப்பொத்தது (ஒரே மூதாதையின் உறுப்பிலிருந்து வந்தது) உங்கள் கை. இறகு கெரற்றின், சிலிர் கைற்றின். கொஞ்சம் கவனமாக எழுத விரும்பினால்: உறுப்பு தனித்தனியே தோன்றியது, ஆனால் உறுப்பை முளைக்கவைக்கும் மரபணுக் கருவிகள் சில பொதுவானவை. கண்ணிலும் இதே கதை.

இனம் எண்டா தமக்குள்ள இனப்பெருக்கம் செய்து வளமான சந்ததி தருவது. இது ரெண்டுக்கும் பொருந்துமா?

இந்த வரைவிலக்கணத்தைப் பிரபலமாக்கிய ஏர்ன்ஸ்ட் மேயர் ஒரு பறவை ஆய்வாளர், வருடம் 1942. பறவைக்கு அது அழகாகப் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை. பாட்டு வேறு, நிறம் வேறு என்றால் பெரும்பாலும் சோடி சேராது. அப்படியும் பொல்கிச்சாவிலேயே சிக்கல் உண்டு. பிலிப்பைன்ஸில் இருப்பதை முன்பு இதே இனத்தில் வைத்திருந்தார்கள், இப்போது தனி இனமாக்கிவிட்டார்கள்.

புழுவில் இந்தச் சிக்கல் பலமடங்கு. கப்பிற்றெல்லா கப்பிற்றாற்றா என்ற புழு, அழுக்கான கடலடி எங்கும் இருக்கும் ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள். 1976 இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் வளர்த்து, குடம்பி, முட்டை, நொதியம் எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளே ஆறு இனங்கள். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. இன்னும் சில கடற்புழுக்கள் சோடியே இல்லாமல் உடம்பை முறித்துப் பெருகும், அங்கே இந்த வரைவிலக்கணம் எதைப் பிடித்துக்கொள்ளும்? கடற்பஞ்சுக்குள் ஒரு தலையும் நூற்றுக்கணக்கான வால்களுமாகக் கிளைவிட்டு வாழும் புழுவும் உண்டு. அவுஸ்திரேலியாவின் டார்வின் பக்கத்தில் கண்டெடுத்து 2012 இல் பெயர் வைத்தார்கள்.

பொலிகீற்றா எண்ட வகுப்பே இல்லை எண்டு ஒரு வீடியோவில சொன்னாங்க. உண்மையா?

பாதி உண்மை. மரபணு ஒப்பீட்டில் மண்புழுவும் அட்டையும் பொலிகீற்றுகளின் கிளைகளுக்கு நடுவிலிருந்து முளைத்தவை என்று தெரிகிறது. அதனால் அவற்றை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தைப் 'பொலிகீற்றா' என்பது, பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுக் குடும்பப் படம் எடுக்கிற மாதிரி.

இதில் எனக்குப் பிடித்தது, குருவிப் பக்கத்திலும் இதே கதைதான். பறவைகள் டைனோசர்களின் ஒரு கிளை, முதலைக்கு ஓணானைவிடக் குருவி கிட்டிய சொந்தம். அப்படியென்றால் பறவையை நீக்கிவிட்டு 'ஊர்வன' என்பதும் அதே அரைகுறைப் படம். ஒப்படையில் இதை எழுதினால் நான் தனியாகப் புள்ளி போடுவேன். ஆனால் பரீட்சையில் பாடப்புத்தகம் சொன்ன வகுப்பையே எழுதுங்கள்.

எங்கட கடல்ப் புழுவை ஆராவது ஆராய்ஞ்சிருக்கினமா, இல்லாட்டி எல்லாம் வெள்ளைக்காரரின்ர கடலா?

ஆராய்ந்தவரும் வெள்ளைக்காரர்தான், ஆனால் கடல் நம்முடையது. 1902 இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் முத்துச் சிப்பி ஏன் அழிகிறது என்று பார்க்க மன்னார்க் குடாவுக்கு வந்தார். அங்கே சேகரித்த பொலிகீற்றுப் புழுக்களைப் பார்த்து 1905 இல் அறிக்கை எழுதியவர் ஆர்தர் வில்லி. அவர் அப்போது கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளர், விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் 1877 இல் திறந்த அதே வெள்ளைக் கட்டடம். பிறகு அங்கேயே வேலை செய்த ஜி. எம். ஹென்றிதான் 1955 இல் இலங்கைப் பறவைகளுக்கு வழிகாட்டி எழுதினார். நம் ஒப்படையின் இரண்டு விலங்குகளும் ஒரே கூரையின் கீழ் படிக்கப்பட்டவை.

அப்ப கடைசியா, எது உயர்ந்த விலங்கு? குருவி எண்டு எழுதினா பிழையா?

பாட்டன் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் படியுங்கள். சரிசமமான காலம் நடந்து வந்த இரண்டில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எதை வைத்து அளப்பீர்கள்? மூளையை வைத்தால் குருவி. வாலை வெட்டினால் மறுபடி வளர்ப்பதை வைத்தால் புழு. 'சிக்கல் கூடியது' என்று எழுதலாம், எந்த உறுப்பில் என்று சேர்த்து எழுத வேண்டும். வெறுமனே 'உயர்ந்தது' என்றால் சிவப்புப் பேனா வரும்.

பொல்கிச்சாக் குஞ்சு ஒண்டு பிடிச்சு வளர்க்கலாமா? புழுவை வீட்ட கொண்டு போகலாமா?

குஞ்சு கூடாது. காட்டுப் பறவையைப் பிடித்துக் கூண்டில் போடுவது வனசீவராசிகள் சட்டப்படி குற்றம், 1937 இலிருந்து இருக்கும் சட்டம். கூட்டிலிருந்து விழுந்த மாதிரித் தெரியும் குஞ்சு பலநேரம் பறக்கப் பழகுவதுதான். பூனை எட்டாத கொப்பில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள், தாய் வரும்.

புழுவையும் கொண்டு போகாதீர்கள், ஃபிளாட் சூட்டில் மாலைக்குள் செத்து நாறும். வைகாசி முதல் புரட்டாதி வரை அந்தப் பக்கமே போகவேண்டாம், தென்மேல் பருவத்தில் கடல் கல்லுக்கு மேல் ஏறி அடிக்கும். மார்கழி முதல் பங்குனி வரைதான் நான் கூட்டிப்போவது. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை, அதனால் வற்று நேரத்தைப் பார்த்துக் காலையிலேயே போக வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போது காதில் எதுவும் இருக்கக்கூடாது.

பார்த்து முடிச்ச பிறகு புழுவை என்ன செய்றது?

பெட்டியைத் தண்ணீர் மட்டத்தில் சாய்த்து, எடுத்த இடத்திலேயே விடுங்கள். கல்லை முதலில் வைக்காதீர்கள், புழு நசுங்கும். அது ஓரத்துக்குள் புகுந்த பிறகு கல்லை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே வரும்படி மெதுவாக இறக்குங்கள். பாசி பிடித்த பக்கம்தான் மேல்.